ஊர் மலர்களில் ஊர் எங்கே?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களிலிருந்து பெயர்ந்து சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் நம் குடும்பத்தார், பள்ளிவாசல் புதுப்பித்தல், மண்டபத் திறப்பு முதலிய வேளைகளில் மலர் வெளியிடுவதுண்டு. அவற்றில் ஊர் நினைவுக் கட்டுரை ஒன்றேனும் தவறாது இடம்பெறும். ஆறு தெளிந்து ஓடும்; தோப்பு நிழல் தரும்; மக்கள் ஒருதாய் மக்களாய் வாழ்வர். ஊர்ப் பெயரை அழித்து வேறொன்றை எழுதினும் கட்டுரைக்குச் சேதமில்லை. அதுவே நாம் கூறவந்த குறை.

லப்பைக்குடிகாட்டின் வெள்ளாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பது. அக்கரைத் திட்டக்குடியோ வேறு மாவட்டம். அரியலூரில் நிலத்தைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல்லும் பழங்கடற் சிப்பிகளும் வெளிப்படும். சிமெண்டுத் தொழிற்சாலைகள் எழுந்தது அதனாலன்றோ! 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்ததும், அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்ததும் நாடறிந்தவை. மலர்களிலோ இவை காணப்படா.

மாவட்டப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் பெரம்பலூர், திருச்சியிலிருந்து பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. ஒரே வீட்டில் அத்தா ‘திருச்சி ஜில்லா’ என்பார். மகன் வேறு பெயர் சொல்வான். இருவரும் பிறந்த மண் ஒன்றே. இதைக்கூட எவரும் எழுதினாரில்லை.

நினைவைப் பேணுதல் எத்தகையது என்பதற்கு ஷாரிகா திராணகம 2011-இல் வெளியிட்ட ஆங்கில நூலை நாம் உரைகல்லாகக் கொள்கிறோம். இலங்கைப் போரில் இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றிய ஆய்வு அது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். சோனகத் தெருவில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தோர் புத்தளத்து முகாம்களில் ஒதுங்கினர். பிழைப்பு நாடிப் பெயர்ந்த நம்மவர் நிலையும், துரத்தப்பட்ட அவர்கள் நிலையும் ஒன்றல்ல. அதை மறந்து ஒப்பிடுவது பிழை. ஆயினும் கற்க வேண்டியது உண்டு.

யாழ்ப்பாணத்தார், மன்னாரார் என ஊர்வாரியாக அறியப்பட்டவர்கள், வெளியேற்றத்தின் பின்னரே ‘வடக்கு முஸ்லிம்கள்’ என்ற ஒரு பெயருக்குள் திரண்டனர் என்கிறார் ஆசிரியர். இழந்த ஊரே அவர்களை ஒன்றாக்கியது. ஆனால் அவர் இனிப்பை மட்டும் பரிமாறவில்லை. மூத்தோருக்கு ஊர் யாழ்ப்பாணம். முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தளமே கண்டறிந்த மண். அம்மண்ணிலோ அவர்கள் ‘அகதி’ என்றே சுட்டப்பட்டனர். பெற்றோர் நினைவு பிள்ளைகளுக்குச் செல்வமா, சுமையா என்ற இடரை நூல் மூடி மறைக்கவில்லை. அதன் பலம் அங்குதான்.

குறையும் இல்லாமலில்லை. ஆய்வுத் துறையின் கனத்த நடை பல இடங்களில் பேசியவர் குரலை அமுக்குகிறது. தமிழில் தம் துயரைச் சொன்ன தாய்மார் பலர் அந்நூலைத் தாமே படிக்க இயலாது என்பதும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

நம் மலர்களுக்கு அந்தத் தடை இல்லை. அவை தமிழிலேயே வருகின்றன. ஆடவர் பயணம் போயிருந்த ஆண்டுகளில் வீட்டையும் உறவையும் வழக்குச் சொற்களையும் காத்தவர் பெண்கள். யார் வீட்டுத் திண்ணையில் யார் பேசமாட்டார், எந்தப் பங்காளிச் சண்டை எந்த நிக்காஹில் தீர்ந்தது, அடுத்த தெருவின் எந்தக் குடியானவர் வீட்டுச் சின்ன வெங்காயம் அறுவடைக்கு அறுவடை நம் அடுப்படிக்கு வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அண்மையில் நம் கைக்கு வந்த ஒரு மலரில் நன்கொடையாளர் படங்கள் பக்கம் பக்கமாய் இருந்தன. ஊர்க் கட்டுரைக்கு ஒன்றரைப் பக்கம். பெண் ஒருவரின் எழுத்தும் இல்லை. ஒருவரைக் கேட்டு எழுதியதாகவும் இல்லை.