பெயரில் "லாடாங்" இருந்தால் தோட்டமா?

"நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழரிடையே தமிழ் ஊடகப் பயன்பாடு" என்கிற மாதிரித் தலைப்பில் மாணவர்களும், ஏன் நாமும்கூட, ஆய்வேடு எழுதுகிறோம். தலைப்பு நல்லதுதான். முறையியல் அத்தியாயத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே வார்ப்பு: பெயரில் "லாடாங்" உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி, 60 வினாநிரல், ஒரு காலைப்பொழுது. முடிவுரையில் மட்டும் "தோட்ட மக்கள் நாளிதழ் வாசிப்பதைக் கைவிட்டனர்" என்று வந்துவிடும். அந்த 60 பேர் எப்போது "தோட்ட மக்கள்" ஆனார்கள்?

எண்ணிக்கை குறைவு என்பது இரண்டாவது குறைதான். முதல் குறை மாதிரிச் சட்டகத்தில் இருக்கிறது. சட்டகம் என்பது யாரிலிருந்து ஆளைப் பொறுக்குகிறோமோ அந்தப் பட்டியல். நம் மாநிலத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் தோட்டம் இன்னும் நிற்கிறது. ஆனால் நீலாய், செண்டாயான் பக்கம் போய்ப் பாருங்க. பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகள். பிள்ளைகள் தாமானிலிருந்து வேனில் வருகிறார்கள். தோட்டத்து வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இன்னும் லயத்திலேயே தங்கிவிட்ட தாத்தா பாட்டி வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இல்லை. அதனால் வினாநிரல் அங்கே போவதே இல்லை. பத்திரிகை படிக்கிற தலைமுறையை வாசலிலேயே விட்டுவிட்டு, "பத்திரிகை படிப்பாரில்லை" என்று எழுதுகிறோம்.

பெரிய மாதிரி எடுத்தால் சரியாகுமா? 1936 அமெரிக்கத் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் ஒரு கோடி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தும், லாண்டன் வெல்வார் என்று தவறாகக் கணித்தது. தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களை அது பெரிதும் நம்பியிருந்தது. பதில் எழுதியவர்களும் ஒரு சாராராகவே இருந்தார்கள். வென்றவர் ரூஸ்வெல்ட்.

60 பேர் என்றால் பிழை வரம்பு ஏறக்குறைய 13 விழுக்காடு. அதுவும் சமவாய்ப்பு முறையில் எடுத்திருந்தால்தான். கைக்குக் கிடைத்தவர்களிடம் கேட்ட வசதி மாதிரிக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் உண்டு, மறக்க வேண்டாம்.

அடுத்தது அளவீடு. "தினமும் தமிழ் நாளிதழ் வாங்குகிறீர்களா?" என்பது வழக்கமான வினா. தோட்டத்தில் ஒரு பத்திரிகை ஒரு ஆளுக்கா? கடையிலே ஒருவர் வாங்கினால் மாலைக்குள் பத்துக் கை மாறும். எழுத்தறியாதவருக்கு இன்னொருவர் படித்துக் காட்டுவார். வாங்குவதை அளந்துவிட்டு வாசிப்பை அளந்ததாகச் சொல்கிறோம். இதே வினாவைப் பத்து முறை கேட்டாலும் ஒரே விடை வரும். அது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததை அது அளக்கவில்லையே. ஏற்புடைமை அங்கே இல்லை. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றது உண்மை. அதன் வாசகர்கள் எல்லாரும் அன்றோடு வாசிப்பை நிறுத்தினார்களா, கைப்பேசிக்கு மாறினார்களா என்பதை "வாங்குகிறீர்களா" சொல்லாது.

வானொலிக்கும் இதே கதி. காலைப் பக்திப் பாடலிலிருந்து மின்னல் எஃப்எம் ஓடிக்கொண்டே இருக்கிற வீட்டில் "எத்தனை மணி நேரம் கேட்பீர்கள்?" என்றால் யாரால் சொல்ல முடியும்? ஒரு வாரம் கேட்டதை அன்றன்றே குறித்துவைக்கும் நாட்குறிப்பு முறை இதைவிட மேல்.

இது வெறும் முறையியல் சண்டை இல்லை. இந்த வரியை அடுத்த ஆய்வேடு மேற்கோள் காட்டும். பிறகு மேடையில் ஒருவர் "ஆய்வே சொல்கிறது" என்பார். பள்ளிக்கு நாளிதழ் எதற்கு என்ற கேள்வியும் கூடவே வரும்.

பெரிய செலவில்லாமல் திருத்த வழி உண்டு. தோட்டக் கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியல் கிடைத்தால், பள்ளிப் பதிவேட்டைவிட அது நல்ல சட்டகம். கிறிஸ்தவக் குடும்பங்கள் அதில் விடுபடும். அவர்களைத் தனியே சேர்க்க வேண்டும். வினாவை "நேற்று தமிழில் என்ன படித்தீர்கள், எதில் படித்தீர்கள்?" என்று மாற்றலாம். இரண்டும் முடியாதென்றால் தலைப்பையாவது "ஒரு பள்ளியின் 60 மாணவர்களிடையே" என்று வையுங்கள்.