இருநூறாவது பதிவில் நின்று பார்த்தால்: நீலகிரியிலிருந்து வலைப்பூ எழுத எந்தத் தளம்?

முதல் பதிவை ஏற்றுவது இன்று எந்தத் தளத்திலும் கடினமில்லை. ஜிமெயில் கணக்கு இருந்தால் பிளாகரில் கால்மணி நேர வேலை. வேர்ட்பிரஸ்.காமில் கொஞ்சம் கூடுதலாகும், சப்ஸ்டாக்கில் இன்னும் குறையும். 'புதியவர்களுக்கு எளிது' என்று எல்லாத் தளங்களும் விளம்பரம் செய்வது அந்தக் கால்மணி நேரத்தைத்தான். எழுதுபவருக்கு உண்மையான தலைவலி இருநூறாவது பதிவு வாக்கில் வருகிறது. அதற்குள் தளம் விதியை மாற்றியிருக்கும், இலவசத்தைச் சுருக்கியிருக்கும், அல்லது கடையையே கட்டியிருக்கும். எளிமையை அங்கே நின்று அளப்பதுதான் நியாயம்.

நீலகிரியில் யார் எழுத வருவார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். கோத்தகிரிப் பக்கத்தில், படுகர் ஊரான ஹட்டி ஒன்றில் படுகச் சொற்களையும் பழமொழிகளையும் நோட்டில் குறித்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த பாட்டியின் கதையைக் கேட்டபடி கூடலூர் டேன்டீ தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்த பேத்தி. பச்சைத் தேயிலை விலையையும் சோலைக்காட்டுப் பறவைகளையும் ஒரே அக்கறையோடு கவனிக்கும் குன்னூர் சிறு விவசாயி. இவர்கள் போனில்தான் எழுதுவார்கள், தமிழில் எழுதுவார்கள், படம் நிறையப் போடுவார்கள், கையைவிட்டுப் பெரிய காசு போட மாட்டார்கள். எழுதுவதும் பெரும்பாலும் வேறெங்கும் பதிவாகாத சங்கதி. படுக மொழிக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட தனி எழுத்து இல்லை, தமிழ் எழுத்திலும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்தொகுப்பு ஒரு தளத்தோடு சேர்ந்து அழிந்தால் எந்த நூலகத்திலும் அதன் நகல் கிடைக்காது. சமையல் குறிப்பு எழுதுபவரைவிட இவர்கள் தளத்தைக் கறாராகத் தேர்ந்தெடுக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

ஃபேஸ்புக்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2003 வாக்கில் தொடங்கி, 2004-இல் வந்த தமிழ்மணம் போன்ற திரட்டிகளால் வளர்ந்த தமிழ் வலைப்பதிவு உலகின் பெரும் பகுதி பின்னால் அங்கேதான் குடிபெயர்ந்தது. உடனே வாசகர் கிடைப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன் நீங்களே எழுதியதை அதில் தேடிப் பாருங்கள், புரியும். 2014-இல் தொடங்கிய பிரதிலிபி தமிழ்க் கதை வாசகர்களைக் கூட்டி வைத்திருக்கிறது. தொடர்கதை எழுதுபவருக்கு அது பொருந்தும், சொல்தொகுப்புக்கும் பறவைக் குறிப்புக்கும் அது இடமில்லை. மீடியம் பார்க்க அழகு, ஆனால் வாசகரிடம் உறுப்பினராகு என்று அடிக்கடி கேட்கும். 2017-இல் தொடங்கிய சப்ஸ்டாக்கை அப்படி ஒரே வரியில் தள்ள முடியாது. எழுதியதையும் சந்தாதாரர் மின்னஞ்சல் பட்டியலையும் மொத்தமாக இறக்கிக்கொள்ள விடுகிறது, நாணயமான ஏற்பாடு. அதன் உயிர் மின்னஞ்சலில் இருப்பதுதான் இங்கே இடிக்கிறது. நம்மூர் வாசகர் மின்னஞ்சலைத் திறப்பது பெரும்பாலும் வங்கிக்கும் வேலைக்கும்தான், மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பு வழியே. பெங்களூரு, டொராண்டோ என்று சிதறியிருக்கும் சொந்தக்காரர்களுக்காக மட்டும் எழுதுவதென்றால் சப்ஸ்டாக் சரி.

மிச்சம் இரண்டு. 1999-இல் பிறந்து 2003-இல் கூகுள் கைக்குப் போன பிளாகர், 2003-இல் வந்த வேர்ட்பிரஸ் மென்பொருளும் அதை வைத்து 2005 முதல் இயங்கும் வேர்ட்பிரஸ்.காம் சேவையும். மென்பொருளை இறக்கிச் சொந்தமாக இடம் வாடகைக்கு எடுத்து நிறுவும் வழி மூன்றாவது. புதியவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் ஆண்டுத் தள்ளுபடி முடிந்ததும் வாடகை ஏறும், செருகுநிரல்களைப் புதுப்பிக்காமல் விட்டால் எவனாவது உள்ளே நுழைவான். எழுத வந்தவர் காவல்காரராகிவிடுவார்.

தமிழில் எழுதுபவருக்கு இரண்டுமே ஒரு சின்னத் தொல்லை தருகின்றன. விமர்சனங்களில் இதை அதிகம் பேசுவதில்லை. பதிவின் இணைப்பு முகவரியைத் தலைப்பிலிருந்துதான் தளம் உருவாக்கும். பிளாகருக்குத் தமிழ் எழுத்து அங்கே ஆகாது. தலைப்பை அப்படியே விழுங்கிவிட்டு 'பிளாக் போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு பொதுப் பெயரும் எண்ணும் ஒட்டிவிடும். நூறு பதிவுக்கும் ஒரே பெயர், எண்தான் வேறு. வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால் ஒவ்வொரு யூனிகோட் குறியும் ஒன்பது எழுத்துச் சங்கேதமாக விரியும், இருக்கும் இடமோ 200 எழுத்துகள். உயிர்மெய்க்குப் பெரும்பாலும் இரண்டு குறி தேவை என்பதால் இரண்டு மூன்று சொல்லிலேயே தலைப்பு அறுந்துவிடும். அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளின் ஊர்வலம் போகும், வைரஸ் என்று பயந்து திறக்காத பெரியவர்களும் உண்டு. தீர்வு இரண்டிலும் ஒன்றுதான்: வெளியிடும் முன் இணைப்பை ஆங்கில எழுத்தில் கையால் அடித்துவிடுவது. பிளாகரில் இதை மறந்து வெளியிட்டுவிட்டால் பதிவைத் திரும்ப வரைவாக்கித்தான் மாற்ற முடியும். இந்தச் சுற்றில் வேர்ட்பிரஸுக்குக் கொஞ்சம் முன்னிலை.

மலையின் மழையும் கணக்கில் வரவேண்டும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அத்தனை பெய்ய வேண்டாம். சாதாரணத் தென்மேற்குப் பருவக் காற்றிலேயே மரம் விழுந்து கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். பிளாகரில் எழுதுவது பெரும்பாலும் இணையம் இருக்கும் உலாவிக்குள். பாதியில் சிக்னல் அறுந்தால் கடைசியாகச் சேமித்ததற்குப் பின் எழுதியது போனதுதான். வேர்ட்பிரஸ் செயலி வரைவைப் போனிலேயே வைத்துக்கொள்ளும், சிக்னல் வந்ததும் ஏற்றலாம். இங்கேயும் வேர்ட்பிரஸ் மேல். ஆனால் போனிலுள்ள குறிப்புச் செயலியில் எழுதி, பிறகு ஒட்டும் பழக்கம் இருந்தால் இந்த முன்னிலை கரைந்துவிடும். எந்தத் தளமானாலும் அந்தப் பழக்கம் நல்லதுதான்.

படத்தில் நிலைமை தலைகீழ். வேர்ட்பிரஸ்.காம் இலவசக் கணக்கு தருவது 1 ஜிபி. போன் கேமராவின் படம் ஒன்று 4, 5 எம்பி. அப்படியே ஏற்றினால் இருநூறு சொச்சம் படத்தில் இடம் தீர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் 200 கேபிக்குச் சுருக்கினால் ஐந்தாயிரம் போடலாம். சுருக்குவது வாசகருக்கும் நன்மை, மசினகுடியில் மெதுவான சிக்னலில் திறப்பவருக்கும் பக்கம் வந்து சேரும். ஆனால் புதியவர் சுருக்க மாட்டார் என்பதே நடைமுறை. இலவச வேர்ட்பிரஸ்.காம் பக்கத்தில் தளம் தன் விளம்பரங்களையும் போடும், அந்தக் காசு உங்களுக்கு வராது. பிளாகர் அப்படித் தானாகப் போடுவதில்லை. பாட்டி கப்பலேறிய கதைக்கு நடுவே கடன் செயலி விளம்பரம் வருவதை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை.

இதுவரை வந்ததை வைத்து இரண்டும் ஏறக்குறைய சமம் என்று முடிக்கலாம். தராசைச் சாய்ப்பது முகவரி.

பிளாகரில் எழுதிய இந்தியர்களுக்கு ஒரு சம்பவம் நினைவிருக்கும். 2012 முதல் கூகுள் நாடுவாரியாக முகவரியைத் திருப்பிவிட்டது. இந்தியாவில் திறந்தால் உங்கள் வலைப்பூ பிளாக்ஸ்பாட்.இன் என்று காட்டியது, ஆட்கள் அதையே நகலெடுத்து எங்கெங்கோ பகிர்ந்தார்கள். 2018-இல் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். 2020-இல் அந்தப் பெயர் கூகுளின் கையைவிட்டே போனது. பதிவுகள் டாட் காமில் பத்திரமாக இருந்தன, ஆனால் பழைய இணைப்புகள் செத்தன. உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்றே ஒரு முகவரியைப் புதுப்பிக்கத் தவறும் என்றால், இரவல் முகவரியை நம்பிச் சொல்தொகுப்பு எழுதலாமா? கடையை மூடிய கதைகளும் நிறைய. யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009-இல், கூகுளின் ஆர்குட் 2014-இல், கூகுள் பிளஸ் 2019-இல். காசு வாங்கிக்கொண்டு நடந்த டைப்பேடும் 2025 செப்டம்பரில் நின்றுவிட்டது, ஆக சந்தா கட்டினால் நிலைக்கும் என்பதும் உத்தரவாதமில்லை.

ஆகவே சொந்த முகவரி, அதாவது டொமைன். டாட் இன் பெயர் ஒன்று ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கும். பிளாகர் அதை இணைக்கத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை, பூட்டு போட்ட பாதுகாப்பு இணைப்பும் இலவசமாகவே வருகிறது. டொமைன் விற்றவரின் பக்கத்தில் சி-நேம் வரிகள் இரண்டைச் சேர்ப்பது மட்டும்தான் கொஞ்சம் மிரட்டும் வேலை, அதுவும் ஒரு தடவை. வேர்ட்பிரஸ்.காமில் இதே காரியத்துக்குக் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும். நாளை பிளாகர் படுத்தாலும் பதிவுகளை வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு இறக்குமதி செய்துகொள்ளலாம். சொந்தமாக நிறுவினால் ஆண்டு, மாதம், தலைப்பு என்ற பழைய இணைப்பு அமைப்பையே அங்கும் வைத்துக்கொள்ள வழி உண்டு. வீடு மாறும், கதவு எண் மாறாது.

பிளாகர் சிறந்த தளம் என்று இதற்குப் பொருளல்ல. வார்ப்புருக்கள் பழசு, கூகுள் அதை வளர்க்கிற அக்கறை தெரியவில்லை. ஏற்றுமதிக் கோப்பில் படங்கள் வெறும் இணைப்பாகத்தான் இருக்கும், அவற்றைத் தனியே இறக்கி வைக்க வேண்டும். இரண்டு ஆண்டு எட்டிப் பார்க்காத கணக்கை நீக்கும் உரிமையையும் கூகுள் வைத்திருக்கிறது. எழுபது வயதுக்காரர் எழுதும் வலைப்பூவில் இது சின்ன விஷயமல்ல, செயலற்ற கணக்கு மேலாளர் அமைப்பில் பிள்ளைகளின் பெயரை அவர் முதல் நாளே சேர்த்துவிட வேண்டும். இத்தனையும் சேர்த்துப் பார்த்த பின்னும், போனும் ஆயிரம் ரூபாயும் கையில் வைத்துக்கொண்டு தனியாக எழுதத் தொடங்குபவருக்கு என் தீர்ப்பு, சொந்த டொமைனோடு பிளாகர். டொமைன் வாங்க மனமில்லை, இலவசம் மட்டும்தான் என்றால் தீர்ப்பு மாறும். அப்போது விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு வேர்ட்பிரஸ்.காம், ஏனென்றால் மழைக்காலத்தில் அதன் செயலியில் வரைவு தொலையாது. ஹட்டியில் ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதுவதென்றால் கட்டண வேர்ட்பிரஸ்.காமுக்குப் பங்கு போடலாம்.

டொமைனை வாங்குவது யார் பெயரில் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். விவரம் தெரிந்த பையன் என்று அக்கா மகனிடம் விட்டால், அவனுடைய கல்லூரி மின்னஞ்சலில் கணக்குத் திறப்பான். படிப்பு முடிந்து அந்த மின்னஞ்சல் செத்ததும் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் யாருக்கும் போய்ச் சேராது. எழுதுகிறவரின் சொந்த மின்னஞ்சல், சொந்த போன் எண், முடிந்தால் மூன்று ஆண்டுக் கட்டணம் சேர்த்து.