மரக்காலும் ஊன்றுகோலும்

கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் மரக்காலும் ஒன்று. அவுணர் பாம்பும் தேளுமாய் வஞ்சனையாற் புகுந்தபோது, மாயவள் மரத்தாற் செய்த கால்களைப் பூட்டிக்கொண்டு அவற்றை உழக்கி ஆடினாள் என்று உரைகாரர் விளக்குவர். நின்றாடுவன ஆறு, வீழ்ந்தாடுவன ஐந்து என்னும் பழம் பகுப்பில் இது வீழ்ந்தாடுவனவற்றுள் அடங்கும். தமிழாசிரியர் ஆண்டுதோறும் சொல்லிக் கடந்துபோகும் இச்செய்தி, கனடாவின் மாண்ட்ரியால் நகரத்து ஆடற்கலைஞர் ஒருவரைப் பார்த்தபின் வேறு பொருள் தருகிறது.

அவர் பெயர் லூக்கா பட்டுவெல்லி. மூட்டுகள் இறுகிய நிலையில் பிறந்தவர். ஊன்றுகோலின்றி நெடுந்தூரம் நடக்க இயலாதவர். இவர் பயின்றது ஹிப் ஹாப் மரபைச் சேர்ந்த ‘பிரேக்கிங்’. நிலத்திற் கையூன்றிச் சுழல்வதும், தலைகீழாய் நின்று சட்டென உறைவதும் அதன் இயல்பு. கால்கள் தளர்ந்திருந்தாலும் தோளும் கையும் வலுத்த இவர், ஊன்றுகோல்களை நீண்ட கைகளாக்கி, உடலை அவற்றின்மேல் ஏற்றிக் காலை வெளியிற் சுழற்றுகிறார். 2007ஆம் ஆண்டில் பல நாட்டு உடற்பேறு குறைந்த கலைஞர்களைக் கூட்டி ‘இல் அபிலிட்டீஸ்’ என்னும் குழுவை அமைத்தார். உடற்பேறு குறைந்தோரும் பிறரும் ஒருங்கே பயிலும் வகுப்புகளையும் தம் நகரில் தொடங்கினார்.

இங்கே தமிழர் நன்கறிந்த இன்னொரு கலைஞரை ஒப்புநோக்கலாம். 1981இல் திருச்சிக்கருகே நேர்ந்த விபத்திற் காலிழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலுடன் 1984இல் பரத மேடைக்கு மீண்டார். அத்துணிவை வியவாதார் இல்லை. ஆயினும் அங்கே செயற்கைக் காலின் பணி, காலைப்போலவே தோன்றுவது. பரதத்தின் இலக்கணம் சிறிதும் வளையவில்லை, வளைந்தவர் ஆடியவரே. பட்டுவெல்லியின் ஊன்றுகோலோ தன்னை மறைப்பதில்லை. ஆடலே அதனிடம் சென்று புதிய அடவொன்றைக் கேட்டு வாங்குகிறது. மரக்காலாடலும் இத்தகையதே. மாயவள் மரக்காலைக் காலென்று காட்ட முயலவில்லை. வெறுங்காலால் ஆகாததை அதனால் முடித்தாள்.

இந்நெகிழ்ச்சி தெரு ஆடலுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்ட் 11இல் கூல் ஹெர்க் இசைத்தட்டுச் சுழற்றிய விருந்தை ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகக் கொள்வர். ஏழைக் கறுப்பின, போர்ட்டோரிக்க இளைஞர் வளர்த்த கலை அது. ‘லாக்கிங்’ என்னும் ஆடல் பிறந்த கதை இன்னும் சுவையானது. லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர் டான் கேம்பெல், நண்பர் ஆடிய அடவொன்றைத் தொடர்ச்சியாக ஆட இயலாமல் இடையிடையே நின்று நின்று போனார், நண்பர் நகைத்தனர். அந்தத் தடையே பின்னர் அவ்வாடலின் இலக்கணமாயிற்று என்று அக்கலையினர் சொல்வர். இயலாமையை இலக்கணமாக்கிக்கொண்ட கலை உலகில் எத்தனை உண்டு?

சிலம்பு கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இருவகைப்படுத்தும். ஆடல், பாடல், அழகு மூன்றில் ஒன்றும் குறைபடாத மாதவி, ஐந்தாண்டிற் பயிற்சி தொடங்கிப் பன்னிரண்டில் அரங்கேறியது வேத்தியலின் வழி. ‘குறைபடாமை’ அங்கே நுழைவுச்சீட்டு. குரவையும் துணங்கையும் அப்படியல்ல. கைகோத்த வட்டத்தில் இடம் பிடித்தவர் எல்லாரும் ஆடுநரே. தெரு ஆடலிலும் வட்டம் உண்டு. அதனைச் ‘சைஃபர்’ என்பர். ஒருவர் நடுவே புகுந்து தமக்கியன்றதை ஆடி விலக, அடுத்தவர் புகுவார்.

‘அனைவர்க்கும்’ என்று விளம்பரம் செய்யும் வகுப்புகள் பல இவ்வட்டத்தைக் கலைத்துவிடுகின்றன. சுவரிற் கண்ணாடி, முன்னே ஆசிரியர், எட்டு வரை எண்ணிக்கை, அனைவரும் ஒரே அசைவு. இது தெருச்சட்டை மாட்டிய வேத்தியல். சக்கர நாற்காலிப் பிள்ளை அங்கே ஓரத்திற் கையசைக்கும், பெற்றோர் கைதட்டுவர், கலை ஒன்றும் பெறாது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங்கை மதிப்பிட்ட ஐந்து அளவைகளுள் தனித்தன்மையும் ஒன்று. உலகப் போட்டியே அதற்கு இடமளிக்க, குடியிருப்பு மண்டபத்து வகுப்பு ஒருபடித்தான அசைவை நாடுவது விந்தை.

பினாங்குத் தமிழர்க்கு இக்கலை அயலன்று. சென்னைப் படைவீரரோடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்ததாகச் சொல்லப்படும் போரியா, முகர்ரம் நாள்களில் வீடுவீடாய்ச் சென்று பாடியாடிய தெருக்கலை. தைப்பூசத்தின் உருமி மேளத்தைச் சுற்றி இளைஞர் இடும் வட்டம் இன்றும் காணக்கூடியது. தமிழ் ஹிப் ஹாப் பாட்டுக்கு 2006இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பால் பெயர் தேடித் தந்த யோகி பி மலேசியரே. பாட்டை ஏற்ற பெரியோர் ஆட்டத்தை மட்டும் போக்கிரித்தனம் என்பது நியாயமன்று.

பாயான் பாரு, 1972இல் அமைந்த பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரத்தை ஒட்டி எழுந்த நகரியம். முறைவேலைக்குச் செல்லும் குடும்பங்களும் அடுக்குமாடி வீடுகளும் மிக்கது. அங்கே இத்தகைய வகுப்பு நடத்த முனைவோர், நடன அடவுக்கு முன் மண்டபத்துப் படிக்கட்டை எண்ணவேண்டும். உடற்பேறு குறைந்தோர்க்கான 2008ஆம் ஆண்டுச் சட்டம் பண்பாட்டு வாழ்விற் பங்குகொள்ளும் உரிமையைக் கூறுகிறது. வகுப்பு மாடியிலிருந்து, தூக்கியும் பழுதானால், அவ்வுரிமை கீழ்த்தளத்திலேயே நின்றுவிடும்.

பட்டுவெல்லியின் குழுவிடமும் மறுக்கத்தக்கது ஒன்றுண்டு. ‘சாக்கு இல்லை, எல்லை இல்லை’ என்பது அவர்கள் முழக்கம். தம்மை நோக்கிக் கலைஞர் சொல்லும்போது அது வீரம். பத்து வயதுப் பிள்ளையிடம் ஆசிரியர் சொன்னால் சுமை. வலி மிகுந்த நாளில் ஆடாதிருப்பது சாக்கன்று. அன்று அப்பிள்ளை வட்டத்தில் அமர்ந்து தாளம் தட்டலாம். வேண்டுமாயின் அதுவும் வேண்டாம்.