றகரமா, டகரமா? தொழில்நுட்பப் பெயர்களின் ஒலிப்பும் ஈழத்து எழுத்து வழக்கும்

தமிழகத்தில் 'இன்டர்நெட்' என எழுதப்படும் சொல் ஈழத்து இதழ்களில் 'இன்ரநெற்' என அச்சாவதைக் காணலாம். 'ட்விட்டர்' அங்கே 'ருவிற்றர்' ஆகிறது. 'டிவி', 'ரீவி' ஆகிறது. என் ஆய்வேட்டின் முன்வரைவில் ஈழ இதழொன்றிலிருந்து எடுத்தாண்ட இத்தகைய வடிவங்கள் எழுத்துப் பிழைகள் எனச் சுழிக்கப்பட்டுத் திரும்பி வந்தன. அவை பிழைகள்தாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆங்கிலத்தின் அவ்வொலி, நுனிநா மேற்பல்லின் பின்னுள்ள ஈறைத் தொடுவதால் பிறப்பது; பல்லைத் தொடும் தகரத்திற்கும் நா மடிந்தெழும் டகரத்திற்கும் இடைப்பட்டது. தமிழகச் செவிக்கு அது டகரம். யாழ்ப்பாணச் செவிக்கு றகரம். தமிழகப் பேச்சில் 'காற்று', 'காத்து' ஆயிற்று. 'வெற்றி'யைப் படிக்கும்போதும் 'வெட்ரி' என்றே ஒலிக்கிறோம். யாழ்ப்பாண வழக்கிலோ இரட்டித்த றகரம் வெடிப்பொலியாகவே நிலைத்துள்ளது. மலையாளமும் அவ்வாறே: 'இன்டர்நெட்' அங்கே றகர எழுத்துகளால் எழுதப்படுகிறது. எனினும் 'ட்விட்டர்' என்பதன் முதலில் டகரமும் இடையில் இரட்டை றகரமும் வருகின்றன. 'கம்ப்யூட்டர்' இரட்டை டகரத்தோடு வழங்குகிறது. ஒலியைத் தன்னகத்தே கொண்ட மொழியும் இதில் ஒரு சீராக இல்லை.

தொல்காப்பியப் பிறப்பியல் டகர ணகரங்களையும் றகர னகரங்களையும் தனித்தனியே வைக்கிறது. பின்னவற்றுக்கு நுனிநா மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை ஒற்றும் என்கிறது. றகரம் வல்லினம் ஆறனுள் ஒன்று. ஆகவே, பிறமொழி ஒலிகளை எழுதத் தமிழ் நெடுங்கணக்கு போதாது என்னும் பொதுக் குறை இவ்வொலிக்குப் பொருந்தாது. எழுத்து இருக்கிறது, அதன் ஒலியைத்தான் தமிழகப் பேச்சு இழந்துள்ளது. சொல்லிடையில் 'ற்ற' எழுதும் ஈழ மரபு இலக்கண அடிப்படை உடையது என்பதே என் துணிபு.

மொழிமுதலில் இதே துணிபைச் சொல்ல இயலவில்லை. டகரம், றகரம், ரகரம் மூன்றும் மொழிமுதலாகா என்பதால் 'டிவி', 'ரீவி' இரண்டுமே விதி மீறியவை. ஆனால் வெடிப்பொலிக்கு இடையின ரகரத்தை இடுவது மயக்கம் தருகிறது. 'ரைம்' என்பது நேரமா, எதுகையா? ஈழ வாசகர் இடம் நோக்கி உணர்வார், பிறர் தடுமாறுவர்.

ஈழ வடிவமே மூலத்திற்கு நெருக்கமானது என்னும் வாதத்தையும் அப்படியே ஏற்பதற்கில்லை. மூலம் எது? அமெரிக்கர் நாவில் 'ட்விட்டர்' என்பதன் இடையொலி வெடிப்பாகவே இல்லை. நுனிநா சற்றே தட்டி விலகும் அவ்வொலி நம் ரகரத்தை ஒட்டியது. கொரியர் முதலிரு மெய்களுக்கிடையே உயிரொன்றைச் செருகுகின்றனர், நாம் 'டுவிட்டர்' என்பது போலவே. சப்பானியரோ 'ட்சுயிட்டா' என்கின்றனர். ஒவ்வொரு மொழியும் தன் ஒலியமைப்பின் வழியே பெயரைக் கேட்கிறது. அதைத் திருத்தமின்மை என எவரும் அங்கே சுழிப்பதில்லை.

மொழிபெயர்த்துவிட்டால் சிக்கல் தீரும் என்பாரும் உளர். 'இணையம்' நிலைபெற்றதற்கு அது பொதுப்பெயர் என்பதே காரணம். 'கீச்சகம்' போன்ற ஆக்கங்கள் ஒரு நிறுவனப் பெயரின் பொருளைப் பற்றி நின்றவை. 2023இல் அந்நிறுவனம் பெயரை 'எக்ஸ்' என மாற்றியதும் பற்றுக்கோடு போயிற்று.

கணினிவழித் தரவகங்களை உருவாக்குவோர் எழுத்து வேறுபாடுகளை ஒரே வடிவத்திற்குக் கொணரும்போது 'இன்ரநெற்', 'இன்டர்நெட்'டாக மாற்றப்படுமாயின், இரண்டு நிலத்தார் ஒரே ஒலியை எவ்வாறு கேட்டனர் என்னும் சான்று அழியும். தேடல் வசதிக்காக இரண்டையும் இணைக்கலாம். மூல வடிவத்தை நீக்கலாகாது. என் ஆய்வேட்டில் அவ்வடிவங்களை மாற்றாமல், ஒலிப்புக் குறிப்புடன் மீண்டும் அளித்துள்ளேன்.