படைப்புக்குப் பரிசு, படைத்தவர்க்குப் பற்றுச்சீட்டு

கணினி விளையாட்டுக்கு இலக்கிய ஏட்டில் இடமேன் என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். கதையும் பாத்திரமும் கருத்தும் உள்ள எதுவும் விமர்சனத்துக்கு உட்பட்டதே. மஸ்கெலியாத் தோட்டத்துப் பிள்ளைகளின் கைத்தொலைபேசி வரை வந்துவிட்ட கலையை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.

தோக்கியோவின் ‘டாங்கோ கேம்வர்க்ஸ்’ நிலையம் 2023 ஜனவரியில் வெளியிட்ட ‘ஹை-ஃபை ரஷ்’ என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். நாயகன் பெயர் சாய். (நமது தேநீரின் வடநாட்டுப் பெயர்தான்!) மாபெரும் நிறுவனமொன்று அவனைப் பழுதான சரக்கென்று முத்திரையிட்டு அழிக்க முனைகிறது, அவனோ இசையின் தாளத்துக்கு அடி கொடுத்து அதன் அதிகாரிகளை ஒவ்வொருவராக வீழ்த்துகிறான். முதலாளித்துவத்தின் ஆடம்பரத்தையும் பொய்மையையும் எள்ளி நகையாடும் திறமை இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், வழிநெடுக அவன் நொறுக்குவது யாரை? அந்நிறுவனத்தில் உழைக்கும் இயந்திர ஊழியரையே! அதிகாரி கேலிக்குரியவன், ஊழியன் நொறுக்கத்தக்கவன். நாலைந்து நண்பர்களின் சாகசம் போதும், விடிவு பிறந்துவிடும். நையாண்டி முனை மழுங்குவது இவ்விடத்திலேதான்.

இனி, படைத்தோரின் கதி. 2024 ஏப்ரலில் அவ்விளையாட்டின் அசைவோவியத்துக்குப் பிரிட்டனின் ‘பாஃப்டா’ விருது கிடைத்தது. மறுமாதமே, 2021இல் நிலையத்தின் தாய் நிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட், நிலையத்தை மூடப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு ஜனவரியிலேயே தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை நீக்குவதாகச் சொன்ன நிறுவனம் அது. ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் கம்பனி நிலையத்தை ஏற்றுக்கொண்டது. திறமையாக உழைத்தால் வேலை நிலைக்கும் என்று உபதேசிப்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

மலையகத்தார்க்கு இது புதிதன்று. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின; 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. கொழுந்தெடுத்தவளின் அபிப்பிராயத்தையா கேட்டார்கள்?

சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலை இங்கு ஒப்புநோக்குவது தகும். தொழிற்சங்கம் அமைக்க முற்பட்ட அதன் நாயகன் பற்றுச்சீட்டுப் பெற்று, வேலையோடு லயக் காம்பராவையும் இழக்கிறான். கலை மெருகு குறைந்த நாவல்தான். ஆயினும், வேலை யார் கையில் இருக்கிறது, அதை நிலைபெறச் செய்யத் தொழிலாளர் எதை நாட வேண்டும் என்னும் கேள்வியைத் தாமே தொழிற்சங்கவாதியான ஆசிரியர் நேராக எதிர்கொள்கிறார். தனிமனித சாகசத்தை அவர் நம்பவில்லை.

விளையாட்டுத் தொழிலிலும் அக்கேள்வி எழாமலில்லை. ‘ஹை-ஃபை ரஷ்’ வெளியான அதே ஜனவரியில், அதே தாய் நிறுவனமாகிய ஸெனிமாக்ஸின் அமெரிக்க நிலையங்களில் விளையாட்டுகளைப் பரிசோதிக்கும் சுமார் 300 ஊழியர் சங்கம் அமைத்தனர். 2025இல் கண்ட ஒப்பந்தத்தில் ஊதிய உயர்வும், காரணமற்ற வேலைநீக்கத்துக்கெதிரான பாதுகாப்பும் பெற்றனர். விளையாட்டின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் தம் பெயரும் இடம்பெற வேண்டும் என்பதையும் எழுதி வாங்கினர்.