எத்தனை ஊர், அத்தனை ஸ்பானிஷ்!

ஸ்பானிஷ் வகுப்பில் சேர்கிறவர்களில் பலர் இடைநிலை தொடங்கியதும் காணாமல் போய்விடுகிறார்கள். 'ஓலா, கிராஸியாஸ்' வரை உற்சாகம். சப்ஜங்க்டிவ் என்ற வினை வடிவத்தின் பெயரைக் கேட்டதும் ஓட்டம். அடப்பாவமே, பாயசம் வருகிற நேரத்திலா பந்தியிலிருந்து எழுந்து போவது!

என்னை இந்த மொழியோடு கட்டிப்போட்டதே அந்த சப்ஜங்க்டிவ்தான். பால்கனி உள்ள வீடு தேடுகிறேன் என்று சொல்ல வேண்டும். 'தியேனே' என்ற வினையைப் போட்டால், அப்படி ஒரு குறிப்பிட்ட வீடு இருப்பது எனக்குத் தெரியும் என்று பொருள். 'தெங்கா' (தேங்காய் அல்ல) என்ற சப்ஜங்க்டிவைப் போட்டால், இருக்கிறதோ இல்லையோ, கிடைத்தால் தேவலை. வாக்கியத்தில் வேறெதையும் தொட வேண்டாம். 'நீ வரும்போது' என்பதிலும் இதே கூத்துதான். நீ வழக்கமாக வரும்போது என்றால் 'வியேனெஸ்'. இனிமேல்தான் வரப்போகிறாய் என்றால் 'வெங்காஸ்'. நடப்பதையும் இன்னும் நடக்காததையும் வினையின் விகுதியிலேயே பிரித்துக் காட்டுகிற சாமர்த்தியம்! எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

தமிழருக்கு ஒரு சலுகையும் உண்டு. ஆங்கிலம் வழியாக வருகிறவர்களைப் படாதபாடு படுத்தும் 'மே குஸ்தா' நமக்கு ஒன்றுமே இல்லை. எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். 'மே துவேலே லா கபேஸா'வும் அப்படியே: எனக்குத் தலை வலிக்கிறது.

சரி, பிடிபட்டுவிட்டது என்று நிமிர்ந்தால் அர்ஜென்டினா குறுக்கே நிற்கும். கீனோ 1964 முதல் 1973 வரை வரைந்த மஃபால்தா சித்திரக் கதைகளைப் பிரித்தேன். மனப்பாடம் செய்த 'தூ தியேனெஸ்' (உன்னிடம் இருக்கிறது) மாயம். 'நீ' என்பதற்கு 'தூ' போய் 'வோஸ்' வந்து, எங்கும் 'வோஸ் தெனேஸ்'. அழுத்தம் கடைசி அசைக்குத் தாவிவிட்டது. புவெனஸ் அயர்ஸ்காரர் பேசக் கேட்டால் 'நான்' என்கிற 'யோ'கூட 'ஷோ' ஆகிவிடும். கொலம்பியாவின் போகோட்டாவில் வேறு கதை. மரியாதைக்கு உரியது என்று பாடப்புத்தகம் சொன்ன 'உஸ்தெத்' (நீங்கள்) அங்கே வீட்டுக்குள்ளும் நண்பர்களுக்குள்ளும் சர்வசாதாரணம். கோவைப் பக்கம் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்பார்களே, அந்தக் குளிர்ச்சி.

எந்த ஊருக்கும் சொந்தமில்லாத 'பொது ஸ்பானிஷ்' என்று ஒன்றைச் சில பாடநூல்கள் விற்கின்றன. உப்புச்சப்பில்லாத சரக்கு. 1713இல் பிறந்த ராயல் ஸ்பானிஷ் அகாடமியே மற்ற நாட்டு அகாடமிகளோடு கூடி 2009இல் வெளியிட்ட இலக்கணத்தில், வினை அட்டவணைகளில் 'வோஸ்' வடிவங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. நாம் மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்?

நான் குதித்தே விட்டது எக்வடோர் மலைநாட்டுப் பேச்சைப் படித்தபோதுதான். உப்பு வேண்டுமென்றால் அங்கே 'தாமே பசாந்தோ லா சால்' என்று கேட்பார்கள். மாட்ரிட்காரர் விழிப்பார். நமக்கு? உப்பை எடுத்துக் கொடு! கதவைத் திறக்கச் சொல்ல 'தாமே அப்ரியெந்தோ லா புவெர்தா', அதாவது கதவைத் திறந்து கொடு. கட்டளையை மென்மையாக்கும் இந்த வழக்கு அங்குள்ள கீச்சுவா மொழியின் தாக்கம் என்கிறார்கள் மொழியியலாளர்கள். தமிழைப் போலவே விகுதிமேல் விகுதி ஒட்டி, வினையைக் கடைசியில் வைக்கும் மொழி அது. பொலிவியாவின் லா பாஸ் இன்னும் ஒரு படி மேலே. கண்ணால் பார்த்தது என்றால் 'வீனோ', வந்தான். பிறர் சொல்லித் தெரிந்தது என்றால் 'அபீயா வெனீதோ', வந்தானாம்! மற்ற ஊர்களில் 'அதற்கு முன்பே வந்திருந்தான்' என்று பொருள்படும் அதே வடிவம். பார்த்ததையும் கேட்டதையும் கண்டிப்பாகப் பிரித்துச் சொல்லும் ஐமாரா மொழியின் அண்டைவீட்டு உபயம்.

இப்போது சிலிக்குள் நுழைந்திருக்கிறேன். பிரதிப்பெயர் 'தூ'தான், வினை மட்டும் 'வோஸ்' வம்சம்: 'தூ தெனீஸ்', அதிலும் கடைசி 'ஸ்' மூச்சுக்காற்றாகக் கரைந்துவிடுகிறது. பேசுகிற வேகத்தில் பாதி என் காதில் விழுவதே இல்லை. யாராவது கூட வருகிறீர்களா?