ஊசியில்லாத ஊசியிலை மரம்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் நின்று படமெடுக்கும் பைன் மரங்கள் எல்லாம் வெளியூரிலிருந்து கொண்டுவந்து நட்டவை. தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளரும் கூம்பு மரம் ஒன்றே ஒன்றுதான்: நாகேயா வாலிச்சியானா. முன்பு இதை பொடோகார்ப்பஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள்.

அகத்தியமலை, பெரியாறு பக்கத்து மழைக்காடுகளில் மற்ற மரங்களோடு கலந்து நிற்கும். தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், ஏனென்றால் இதற்கு ஊசி இலையே கிடையாது. இலை அகலமாக, தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மா, பலா இலைகளில் நடுவே ஓடும் தண்டு நரம்பு இதில் இல்லை. காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் வரிவரியாக ஓடுகின்றன. எனக்கு இந்த மரத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

பைன் மரத்தைப் போல மரக்கூம்பும் காய்க்காது. சதைப்பற்றான காம்பின் நுனியில் உருண்டையாக ஒரு விதை, அதைச் சுற்றிச் சதை, பழமென்றே தோன்றும். ஆனால் இது பூக்கும் தாவரமல்ல, அதனால் பழமும் அல்ல. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காட்டைத் துண்டுபோட்டால் காற்றில் வரும் மகரந்தம் எட்டாமல் ஒரு பெண் மரம் தனித்துப் போகக்கூடும். ஊட்டி பைன்களுக்குக் காட்டும் அன்பில் பாதியாவது இதற்கும் கிடைக்க வேண்டும்.